வீட்டுக்காரர் 'இசைந்தால்'...!

வட சென்னையில் குடிக்கூலிக்கு இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்தில் பன்னிரண்டு மாதம் கிடையாது, பதினொன்றுதான். பத்தாவது மாதம் பிறந்ததுமே வீட்டில் பேச்சு குறைந்துவிடும். பிள்ளையின் பள்ளிக்கூடம், பெண்ணின் பிரசவம், பண்டிகைக் கடன் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரே கேள்வி வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும்: "இந்தத் தடவை எவ்வளவு ஏத்துவாங்களோ?"

ஒரு நாள் மாடியிலிருந்து ஆள் வரும். "அக்ரிமெண்டு முடியுதாம், அம்மா கூப்பிடுறாங்க." போனால் பேச்சு சுருக்கமாக முடிந்துவிடும். "எட்டாயிரம் இனிமே கட்டாதும்மா. பன்னெண்டாயிரம். அட்வான்சும் அதுக்கேத்த மாதிரி குடுத்துடு. முடியலேன்னா இப்பவே சொல்லிடு, மெட்ரோ பக்கத்து வீடு, கேட்டுக்கிட்டு நாலு பேர் நிக்கிறாங்க." பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் எழுதாத சட்டம். எட்டாயிரத்துக்கு எண்பதாயிரம் கொடுத்தவர், பன்னிரண்டாயிரத்துக்கு இன்னும் நாற்பதாயிரம் கொண்டுவர வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரும், காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவரும், கம்பெனியில் கான்டிராக்ட் சீட்டில் வேலை பார்க்கிறவரும் அந்த நாற்பதாயிரத்துக்கு எங்கே போவார்கள்? மீட்டர் வட்டிக்காரனிடம்தான்.

இது ஏதோ இராயபுரத்து ஒரு சந்தில் நடக்கும் சண்டை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். ஒப்பந்தம் நடக்கிற காலத்தில் குடியிருப்பவனைப் பாதுகாப்பது பெரிய காரியமல்ல. காகிதமே அதைச் செய்துவிடும். காகிதம் முடிந்து, புதுக் காகிதம் எழுதும் நாளில் அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதே சோதனை. அந்தச் சோதனையில் இன்று தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் சட்டம் தேறவில்லை என்பது நமது தீர்மானமான கருத்து.

பதினொரு மாதம் எங்கிருந்து வந்தது? 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவென்றால் கட்டணம், முத்திரைத் தாள், அலைச்சல். அதற்குத் தப்புவதற்காகக் கண்டுபிடித்த உபாயம்தான் பதினொரு மாதம். அந்த உபாயத்தின் லாபம் யாருக்கு என்று பாருங்கள். வீட்டுக்காரருக்குப் பதிவுச் செலவும் மிச்சம். பதினொரு மாதத்துக்கு ஒரு முறை ஷரத்தை மாற்றும் வாய்ப்பும் மிச்சம். குடியிருப்பவருக்குக் கிடைத்தது பதினொரு மாதத்துக்கு ஒரு முறை வயிற்றில் புளியைக் கரைக்கும் பயம்.

முன்பு இந்தப் பயத்துக்கு ஒரு மருந்து இருந்தது. யுத்த காலத்தில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது 1941-ல் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. பிறகு 1946-லும் 1949-லும் சட்டங்கள் வந்தன. கடைசியாக 1960-ம் ஆண்டின் 18-வது சட்டம், கட்டிடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் உயிர்நாடி, ஒப்பந்தக் காலம் முடிவதனாலேயே குடியிருப்பவன் உரிமை முடிந்துவிடாது என்பது. வாடகை பாக்கி வைத்தால், உள்வாடகைக்கு விட்டால், கட்டிடத்தைப் பாழாக்கினால், வீட்டுக்காரருக்கே உண்மையாக அந்த வீடு தேவைப்பட்டால், இடித்துக் கட்ட வேண்டியிருந்தால், இப்படிச் சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கோர்ட்டில் நிரூபித்தாலன்றி வெளியேற்ற முடியாது. வாடகையில் தகராறென்றால் நியாய வாடகையை நிர்ணயிக்க இரு தரப்பாரும் மனுப் போடலாம். அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றுகூட அதில் எழுதியிருந்தது. சென்னை நகரம் அந்த வரியைப் படித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்!

அந்தச் சட்டத்தில் குறை இல்லையா? இருந்தது. ஐம்பது ரூபாய் வாடகையைப் பிடித்துக்கொண்டு முப்பது வருஷம் கடை நடத்தி லட்சாதிபதியானவர்களும் உண்டு. கூரை ஒழுகும் சொந்த வீட்டை மீட்க முடியாமல் ஸ்மால் காஸ் கோர்ட்டு வராந்தாவில் தலை நரைத்த வீட்டுக்காரர்களும் உண்டு. வாடகை கட்டாதென்று பழுது பார்க்காமல் விட்டு இடிந்த கட்டிடங்களை ஜார்ஜ் டவுனில் நாமே பார்த்திருக்கிறோம். குறையை நாம் மறைக்கவில்லை. ஆனால் தலைவலி என்று வந்தவனுக்குத் தலையையே எடுத்துவிட்டார்கள்.

2017-ம் ஆண்டில் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அமுலுக்கு வந்த புதுச் சட்டத்துக்குப் பெயர் நீளம்: நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம். பழைய சட்டம் அதோடு ரத்தாயிற்று. வாடகை என்பது இருவர் பேசி முடிக்கும் விஷயம், சர்க்கார் அதில் தலையிடுவானேன் என்பது இதன் தத்துவம். வாய்ப்பேச்சு கூடாது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. இது நல்லதுதான், நாம் வரவேற்கிறோம். பாதுகாப்புத் தொகை மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. இதுவும் நல்லதுதான் என்று சொல்ல வாயெடுத்தால், வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று ஒரு வாலையும் சேர்த்திருக்கிறது. பன்னிரண்டாயிரம் வாடகைக்கு முப்பத்தாறாயிரம் போதும் என்று முன்பக்கம் சொல்லிவிட்டு, லட்சத்து இருபதாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டால் அதுவும் செல்லும் என்று பின்பக்கம் கதவைத் திறந்து வைத்த வித்தை இது. வீடு கிடைக்காத ஊரில் எவன் கையெழுத்துப் போட மறுப்பான்?

இனி ஐந்தாவது பிரிவுக்கு வருவோம். புதுப்பிக்கும் நாளைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பது அங்கேதான் இருக்கிறது. காலம் முடிவதற்கு முன்பு குடியிருப்பவர் புதுப்பிக்கும்படி கேட்டுக்கொள்ளலாமாம். வீட்டுக்காரர் இசைந்தால், இருவரும் ஒத்துக்கொண்ட ஷரத்துகளின்படி புது ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமாம். கேட்டுக்கொள்வதற்கு ஒரு சட்டம் எதற்கு? பிச்சை கேட்கவும்தான் உரிமை இருக்கிறது! 'இசைந்தால்' என்ற அந்த ஒரு சொல்லில் பழைய சட்டத்தின் அத்தனை பாதுகாப்பும் கரைந்துபோயிற்று. இசையாமைக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்கும் வாடகை அந்த வட்டாரத்தில் நியாயமா என்று பார்ப்பார் இல்லை.

அதே பிரிவில் ஒரு சிறு நிழலும் இருக்கிறது. அதை நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும். காலம் முடிந்து, புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், பழைய ஷரத்துகளின்படியே மாதத்துக்கு மாதம் அந்தக் குடித்தனம் தொடர்வதாகக் கருதப்படும். அதிகபட்சம் ஆறு மாதம். அதாவது பதினொரு மாதம் முடிந்த மறுநாளே "புது வாடகை கொடு, இல்லையேல் சாமானைத் தூக்கு" என்று மிரட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஆறு மாதத்துக்குப் பழைய வாடகையே வாடகை. தண்ணீரை நிறுத்துவது, கரண்டைத் துண்டிப்பது ஆகியவை குற்றம். வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். வாடகையை வாங்க மறுத்தால் அதிகாரியிடமே கட்டலாம். ரசீது கொடுப்பது வீட்டுக்காரர் கடமை. ஆனால் இவையெல்லாம் எழுத்தும் பதிவும் உள்ளவருக்குத்தான். பதிவு ஆகாத ஒப்பந்தம் சாட்சியமாக ஏற்கப்படாது என்றும் சட்டம் சொல்கிறதே! கொருக்குப்பேட்டை ஒண்டுக்குடித்தனத்தில் இருபது ரூபாய் ஸ்டாம்புத் தாளில் புரோக்கர் எழுதிக்கொடுத்த அக்ரிமெண்டை வைத்துக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது?

இதைவிடக் கொடியது பழைய குடித்தனக்காரர்களின் கதி. 2019-க்கு முன்பிருந்தே வாய்ப்பேச்சில் குடியிருந்து வந்தவர்கள், குறித்த கெடுவுக்குள் வீட்டுக்காரரோடு எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று நாலாவது பிரிவு கட்டளையிட்டது. செய்துகொள்ளத் தவறினால்? வெளியேற்றுவதற்கான காரணங்களை அடுக்கும் 21-வது பிரிவில் முதல் காரணமே அதுதான்: ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது. தவறு யார் பேரில் என்று அந்த வரி கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக வாடகை தவறாமல் கொடுத்தவரிடம், அவர் சம்பளத்துக்கும் மேற்பட்ட தொகையைப் புது வாடகையாகக் கேட்டால் அவர் எப்படி ஒப்புவார்? ஒப்பவில்லை என்றால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லை என்றால் வெளியே! பூட்டையும் சாவியையும் ஒரே கையில் கொடுத்துவிட்டு, இருவரும் சமம் என்று சொல்வது சட்டமா?

வீட்டுக்காரர் எல்லோரும் கொடுமைக்காரர் என்று நாம் எழுதவில்லை. ரயில்வேயில் ரிட்டயராகி வந்த பணத்தில் இரண்டு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்கிச் சாப்பிடும் முதியவர் தண்டையார்பேட்டையில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. வீட்டு வரி ஏறியிருக்கிறது, கொத்தனார் கூலி ஏறியிருக்கிறது. அவர்களுடைய வாடகையும் ஏறத்தான் வேண்டும். எவ்வளவு, எப்போது, யார் நிர்ணயிப்பது என்பதே வழக்கு. நியாயமான ஏற்றத்துக்கு ஒரு வரம்பு இருந்தால் அந்த முதியவர் ஒன்றும் கெட்டுப்போகமாட்டார். தெருத் தெருவாக வீடுகளை வாங்கிப் போட்டு வட்டிக்கணக்குப் பார்ப்பவர்தான் கலங்குவார்.

இந்த வட்டாரத்தின் சரித்திரத்தையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். தென்னாட்டின் முதல் ரயில் 1856-ல் புறப்பட்டது இராயபுரத்திலிருந்து. துறைமுகம் வளர்ந்தது, ஆலைகள் எழுந்தன. சுதந்திரத்துக்குப் பின் எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். என்று தொழிற்சாலைகள் வரிசை பிடித்தன. எண்ணூர் அனல் மின் நிலையத்தின் சாம்பலைச் சுவாசித்தவர்கள் இந்த மக்கள். அது 2017-ல் மூடப்படும் வரை சுவாசித்தார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, கையும் காலும் கறுக்க அதை வாரியவர்களும் இவர்கள்தான். நகரம் இவர்களுக்கு நல்லது ஒன்று செய்ததென்றால் அது நெடுங்காலம் கழித்து வந்த மெட்ரோ ரயில். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை, சுமார் ஒன்பது கிலோமீட்டர். யாருக்காக ரயில் வந்ததோ அவர்களையே, ரயில் வந்ததைக் காட்டி வீட்டைவிட்டுக் கிளப்புகிறார்கள். பொதுப் பணத்தில் போட்ட தண்டவாளம் தனியாருடைய வாடகைக் கணக்கில் லாபமாக ஏறுகிறது. அந்த லாபத்தில் வீட்டுக்காரர் உழைப்பு ஒரு செங்கல் அளவாவது உண்டா?

தனியார் வீட்டில் இருப்பவர் நிலை இப்படி. நிலத்துக்குச் சொந்தக்காரர் தனியாராக இல்லாமல் கோயிலாகவோ துறைமுகமாகவோ இருந்துவிட்டால்? நிலைமை மேலும் சிக்கலானது.

அடிமனை என்ற வார்த்தை திருவொற்றியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிலம் கோயிலுடையது, மேலே நிற்கும் வீடு குடியிருப்பவருடையது. தாத்தா காலத்தில் புதரும் பள்ளமுமாய்க் கிடந்த மனையை மண்ணடித்து நிரப்பி, ஓலை போட்டு, பிறகு ஓடு போட்டு, பேரன் காலத்தில் தளம் போட்டவர்கள். இவர்களைப் போன்றவர்களுக்காகவே சென்னை நகரத்தில் ஒரு சட்டம் பிறந்தது. நீதிக்கட்சி அமைச்சரவை நடந்த காலத்தில், 1921-ம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் வந்து, 1922-ன் மூன்றாவது சட்டமாக ஏட்டில் ஏறியது. நியாயமான தரை வாடகை கொடுக்கும் வரை வெளியேற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பிறர் நிலத்தில் வீடு கட்டியவர்களுக்குப் பாதுகாப்பு அவசியம் என்று அதன் முகவுரையே கூறுகிறது. வெளியேற்றுவதானால் கட்டிடத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அல்லது அந்தத் தரையைக் கோர்ட்டு நிர்ணயிக்கும் விலைக்குத் தனக்கே விற்கும்படி குடியிருப்பவர் கேட்கலாம். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், நூறு ஆண்டுகளுக்கு முன்பு கிடைத்த உரிமை இது!

சுதந்திர நாட்டில் அந்த உரிமை என்னவாயிற்று? 1996-ம் ஆண்டின் இரண்டாவது சட்டம் என்ற திருத்தம் வந்தது. எந்த மதத்தைச் சேர்ந்ததானாலும் மத ஸ்தாபனங்களின் நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பு செல்லாது என்று அது கூறிற்று. அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரை போன வழக்குக்குப் பெயர் மயிலாப்பூர் கிளப் வழக்கு. கபாலீசுவரர் கோயில் நிலத்தில் சீட்டும் டென்னிசும் ஆடும் கனவான்களின் சங்கம் அது. 2005-ல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. கோயில் நிலத்தைச் சொற்ப வாடகைக்கு அனுபவித்த பெரிய மனிதர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. கோயிலுக்கு வர வேண்டியது வந்தாக வேண்டும். ஆனால் கிளப்புக்கு விழுந்த அடி, தேரடிக்குப் பக்கத்தில் அறுநூறு சதுர அடியில் குடிசையைக் கல் வீடாக்கியவர் முதுகிலும் விழுந்தது. கிளப்பையும் குடிசையையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்று சட்டசபையில் எழுதிச் சேர்த்திருக்க ஒரு வரி போதாதா?

அதன் பிறகு அடிமனைக்காரர்களின் வாடகையை நிர்ணயிப்பது அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவு. இணை ஆணையர், கோயிலின் நிர்வாக அதிகாரி அல்லது தர்மகர்த்தா, மாவட்டப் பதிவாளர், இவர்கள் சேர்ந்த கமிட்டி சந்தை நிலவரம் பார்த்து வாடகையை நிர்ணயிக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியமைக்கும். வாடகை வாங்குகிறவர் கமிட்டியில் இருக்கிறார். கொடுக்கிறவர் சார்பில் ஒருவரும் இல்லை. 2007-ம் ஆண்டு அரசாணை குடியிருப்பு மனைக்கு மாதத்துக்கு மனையின் மதிப்பில் 0.1 சதவீதம், வியாபார மனைக்கு 0.3 சதவீதம் என்று கணக்குக் கொடுத்தது. காதுக்குச் சிறிய எண். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சதுர அடி ஐயாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அறுநூறு சதுர அடி மனையின் மதிப்பு முப்பது லட்சம். மாத வாடகை மூவாயிரம். வீடு அவருடையது, வெறும் தரைக்கு மட்டும் மூவாயிரம்! மாதம் இருநூறு முந்நூறு கட்டி வந்த குடும்பத்துக்கு இந்த ஏற்றம் முன்தேதியிட்டு வந்தால், பாக்கி என்று ஒரு மலை எழுந்து நிற்கும். நிலத்தின் மதிப்பு ஏறியதற்குக் காரணம் அந்த நிலத்தை மேடாக்கிய இவருடைய தாத்தாவும், ரோடு போட்ட நகராட்சியும், ரயில் விட்ட சர்க்காரும். அதற்குத் தண்டம் கட்டுகிறவர் மட்டும் இவர்.

சரி, அதிகம் என்று அப்பீல் போகலாமே என்பீர்கள். போகலாம், முப்பது நாளில் ஆணையரிடம் அப்பீல் உண்டு, அதற்கு மேல் ஹைகோர்ட்டும் உண்டு. ஆனால் உயர்த்திய வாடகையை முதலில் கட்டி, கட்டியதற்கு அத்தாட்சி காட்டினால்தான் அப்பீலை எடுத்துக்கொள்வார்கள். கட்ட முடியாது என்று முறையிட வருகிறவனிடம், கட்டிவிட்டு வா, முறையீட்டைக் கேட்கிறேன் என்பது எந்த ஊர் நியாயம்? பசிக்கிறது என்பவனைச் சாப்பிட்டுவிட்டு வந்து பசியைப் பற்றிப் பேசச் சொல்வதுபோல் இல்லையா? பாக்கி நின்றால் குத்தகை ரத்தாகலாம். ரத்தானால் அடுத்த நாளே அவர் 'ஆக்கிரமிப்பாளர்'. மூன்று தலைமுறை வாடகை ரசீது பெட்டியில் இருக்க, ஆக்கிரமிப்பாளர் என்ற பட்டம் வாசலில் ஒட்டப்படும்.

துறைமுக நிலத்தில் கிடங்கும் பட்டறையும் வைத்திருப்பவர்கள் கதை இன்னும் சுருக்கம். பொதுக் கட்டிடங்களில் அனுமதியின்றி இருப்போரை வெளியேற்றும் 1971-ம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி, குத்தகை புதுப்பிக்கப்படாத மறுநாள் குத்தகைதாரர் அனுமதியற்றவராகிவிடுகிறார். விசாரிக்கும் எஸ்டேட் அதிகாரி அதே ஸ்தாபனத்தின் உத்தியோகஸ்தர். வாடகைச் சட்டங்களைவிட இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்சும் கூறிவிட்டது. அங்கே வியாபாரிகளுக்குத்தானே கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கிடங்கு மூடினால் லோடுமேனும் மேஸ்திரியும் டீக்கடைக்காரரும் அன்றே தெருவில்.

ஆனால் அதே சுப்ரீம் கோர்ட்டு பம்பாய்த் துறைமுக விஷயத்தில் கூறிய வேறொன்றை நம் அதிகாரிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பம்பாய்த் துறைமுகக் கழகம் தன் நிலங்களின் குத்தகையைப் புதுப்பிக்கும்போது வாடகையைப் பல மடங்கு உயர்த்தியது. குத்தகைதாரர்கள் வழக்காடினார்கள், பல்லாண்டு நடந்த வழக்கு 2004 ஜனவரியில் ஜம்ஷெட் வாடியா வழக்கில் தீர்ந்தது. வாடகையை உயர்த்தும் உரிமை கழகத்துக்கு உண்டு. ஆனால் அது அரசின் அங்கம். தனியார் வீட்டுக்காரரைப்போல் லாப வேட்டை ஆடுவதும், கொழுத்த வாடகை பிழிவதும், நினைத்தபோது வெளியேற்றுவதும் அதற்கு அழகல்ல. ஒவ்வொரு செயலும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் கூறினார்கள். அதற்கு முன்பே, 1989-ல், துவாரகாதாஸ் மர்ஃபத்தியா வழக்கில் இதன் அடிப்படையையும் காட்டியிருந்தார்கள். பொது ஸ்தாபனங்களுக்கு வாடகைச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தது ஏன்? அவை தனியாரைப்போல் பேராசைப்படமாட்டா என்ற நம்பிக்கையில்தான். நம்பிக்கையின் பேரில் வாங்கிய விலக்கை வைத்துக்கொண்டு தனியாரைவிடக் கடுமையாக நடந்தால், விலக்குக்கே காரணம் போய்விடுகிறது. துறைமுகத்துக்குச் சொன்ன இந்த நியாயம் கோயில் நிலத்தை நிர்வகிக்கும் இலாகாவுக்கும் பொருந்தும் என்று நாம் வாதிக்கிறோம்.

"இசைவில்லாமல் வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்துவது உலகத்தில் எங்கே உண்டு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் உண்டு. கடை, தொழில் நடத்துகிற குத்தகைதாரருக்குப் புதுக் குத்தகை பெறும் உரிமையை 1954-லேயே அந்நாடு சட்டமாக்கியது. வாடகையில் ஒத்துப்போகாவிட்டால் கோர்ட்டே ஷரத்தை நிர்ணயிக்கும். காரணம் காட்டாமல் குடியிருப்பவரை வெளியேற்றும் முறையையும் ஒழிக்க 2025-ல் அங்கே சட்டம் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் ஒழித்த பிரிவுக்கும் எண் 21தான். ஜெர்மனியிலோ, வாடகையை ஏற்றுவதற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்வதே சட்ட விரோதம். மூன்று வருஷத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இந்த நாடுகளெல்லாம் சோஷலிச நாடுகள் அல்ல, தனிச்சொத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடும் நாடுகள்!

நாம் சர்க்காரைக் கேட்பது வானத்தை அல்ல. ஐந்தாவது பிரிவில் 'இசைந்தால்' என்றிருப்பதை எடுத்துவிட்டு, வாடகை பாக்கியோ சொந்தத் தேவையோ போன்ற காரணம் இருந்தாலன்றி புதுப்பிக்க மறுக்கக் கூடாது என்று எழுதட்டும். தொகையில் ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தெருவின் வாடகை நிலவரத்தைப் பார்த்து வாடகை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஒப்பந்தம் ஏற்படாமற் போனதற்கு யார் பிடிவாதம் காரணம் என்று விசாரிக்காமல் 21-வது பிரிவின் கீழ் யாரையும் வெளியேற்றக் கூடாது. அடிமனைக்காரர் அப்பீல் போகும்போது பழைய வாடகையைக் கட்டினால் போதும் என்று 34-ஏ பிரிவைத் திருத்தட்டும். கமிட்டியில் குடியிருப்போர் பிரதிநிதி ஒருவர் உட்காரட்டும். குடியிருக்கச் சொந்தமாக வீடு கட்டிய சிறு மனைக்காரரைக் கிளப்புகளிலிருந்தும் கல்யாண மண்டபங்களிலிருந்தும் பிரித்து வைக்கட்டும். இவற்றில் பெரும்பாலானவை மாநிலச் சட்டசபையே செய்யக்கூடியவை; டில்லிக்குக் காவடி எடுக்க வேண்டியதில்லை.

சட்டம் திருந்தும் வரை மக்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒப்பந்தம் உள்ளவர்கள் அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யும்படி இன்றே கேளுங்கள். வீட்டுக்காரர் தட்டிக்கழித்தால், கேட்டதை எழுத்தில் கேட்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாடகையைக் கையில் கொடுக்காமல் பாங்கு வழியாகவோ போனிலோ அனுப்பினால் அதுவே ரசீது. அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தோம் என்பது காகிதத்தில் இருக்கட்டும். இதைத்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள். காலம் முடியும் தேதியையும் அதிலிருந்து ஆறு மாதம் கழியும் தேதியையும் தினசரிக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். கோயில் மனைக்காரர்கள் நோட்டீசு வந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்; அப்பீலுக்கு முப்பதே நாள். தாத்தா காலத்து ரசீதுகள் டிரங்குப் பெட்டியில் செல்லரித்துக் கிடக்கும். அவற்றை எடுத்து உதறி, நகல் எடுத்து வையுங்கள். அதிகாரியைப் பார்க்கப் போகும்போது ஒருவராகப் போகாமல், அதே நோட்டீசு வந்த பக்கத்து வீட்டாரையும் எதிர் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.